இரண்டாவது பிரேக்

எங்கள் ஊர்க்காரர்கள் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருக்கும். தொண்ணூற்றொரு வயதில் கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் படிக்கிறாராம். மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறுகிறாராம். இன்னும் கார் ஓட்டுகிறாராம். ஆமாம், ஓட்டுகிறார். பிரேக் போடுவது நான்.

அப்பா இந்த ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டுபவர் காலடியில் இருப்பது போதாதென்று பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் அதை மிதித்து வண்டியை நிறுத்துவார். எங்கள் பழைய வெள்ளைக் காரில் அந்தப் பிரேக்கை மிதிக்க வேண்டியிருப்பது மாணவர்களுக்காக அல்ல, மாஸ்டருக்காக.

அவரிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. முதல் வாரம் முழுவதும் காலையில் வெள்ளைக் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து அவர் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். அதற்குப் பார்வை வாரம் என்று பெயர். "கை கத்துக்கறதெல்லாம் அப்புறம். முதல்ல கண்ணு கத்துக்கட்டும்" என்பார். அந்த வாரத்தைத் தாண்டினால் மற்ற இரண்டு கார்களில் ஏற்றி விடுவோம். அவற்றுக்குச் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். வெள்ளைக் காரை அப்பாவைத் தவிர யாரும் ஓட்டியதில்லை. பக்கத்து சீட்டில் எப்போதும் நான்.

எனக்கு வயது அறுபத்தாறு. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். என் வீட்டுக்காரர் காலமானதும் "அப்பாவுக்குத் துணையா இரு" என்று சொல்லி உறவுக்காரர்கள் என்னை இந்த வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் காலையில் அவர் எனக்கு முன்னால் எழுந்து, குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுவிட்டு, என் அறைக் கதவைத் தட்டுவார்.

"பாப்பா, இன்னும் என்ன தூக்கம்? பசங்க வந்துருவாங்க."

அதற்கப்புறம் நடப்பதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் வலது முழங்கால் மடங்காது. குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது. அதனால் தொண்ணூற்றொரு வயது அப்பா வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அறுபத்தாறு வயது மகளுக்கு லேஸ் கட்டிவிடுவார். கட்டும்போது சும்மா இருக்கவும் மாட்டார். "இந்த வயசுலயே இப்படின்னா நாளைக்கு வயசான காலத்துல என்ன பண்ணப் போற?" என்பார். பின்சீட்டில் காத்திருக்கும் மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு அப்படியே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போலிருக்கும்.

முழங்கால் ஏன் மடங்கவில்லை என்று யாராவது கேட்டார்களா? சில வருடங்களுக்கு முன்பு ஒருநாள் மார்க்கெட் திருப்பத்தில் ஒரு அம்மா காய்கறி வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டின் நடுவே வந்துவிட்டார். அப்பாவின் கண் பார்த்துவிட்டது. அவர் கண்ணைக் குறை சொல்ல முடியாது. கால்தான் வரவில்லை. கண் சொல்லி, மூளை கேட்டு, கால் கிளம்புவதற்குள் நான் மிதித்துவிட்டேன். வண்டி அந்த அம்மாவின் தக்காளிக்குப் பக்கத்தில் போய் நின்றது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுப்பதற்குள் அவர் பின்னால் திரும்பி மாணவர்களிடம், "பாத்தீங்களா, இப்படித்தான் நிறுத்தணும்" என்றார்.

அன்றைக்கு வாயைத் திறந்திருக்க வேண்டும். பின்னால் நாலு பேர் இருந்தார்கள், அவர்கள் எதிரில் எப்படிச் சொல்வது? மறுநாளும் சொல்லவில்லை. அப்புறம் அது என் தினப்படி வேலையாகிவிட்டது. அவருடைய கால் கிளம்பும் நேரம் பார்த்து நானும் மெதுவாக மிதிப்பேன். அவர் மிதித்துத்தான் வண்டி நின்றது போலிருக்கும். இதில் நான் கைதேர்ந்தவள். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் என்று எங்கள் ஆட்களில் ஒருவனைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவன் பதறிப்போய் ஓங்கி மிதித்துவிட்டான். "என் வண்டில எனக்கே பிரேக் போடறியா?" என்று அப்பா அவனை நடுரோட்டில் இறக்கிவிட்டு வந்துவிட்டார். அதிலிருந்து காய்ச்சலானாலும் நான்தான் போனேன். என் கால் விழுவது அவருக்குத் தெரியவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. ஊரில் அவருக்கு, "இத்தனை வருஷத்துல வண்டில ஒரு கீறல் கிடையாது" என்று பேர். அந்தப் பேருக்கு என் முழங்கால் தேய்ந்துகொண்டிருந்தது.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டு தடவை தேதி குடுத்தேன். ரெண்டு தடவையும் வரல. இந்தத் தடவையும் தள்ளிப் போட்டா நடக்கவே முடியாம போயிடும்மா. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க. ஆபரேஷன் பண்ணி ரெண்டு மாசம் வண்டிப் பக்கமே போகக் கூடாது."

"ரெண்டு மாசம் அப்பா வண்டி ஓட்டாம இருந்தா வர்றேன் டாக்டர். நீங்களே அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். டாக்டர் சொன்னா கேப்பாரு."

டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு சிரித்தார். "நானா? மாஸ்டர்கிட்டயா? நான் அவர்கிட்ட வண்டி கத்துக்கிட்டவன். கியர் மாத்தத் தெரியலன்னு காதைத் திருகியிருக்காரு. இப்ப போய்ச் சொன்னாலும் திருகுவாரு." அதோடு விட்டாரா? "அவர் இதயம் நாப்பது வயசுக்காரன் இதயம் மாதிரி. நீங்கதான் உடம்பைப் பாத்துக்கணும்" என்று எனக்குப் புத்தி சொல்லி அனுப்பினார்.

சரி, லைசென்ஸ் புதுப்பிக்கும்போது எப்படியும் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள், பிடிபட்டுவிடுவார் என்று அடுத்ததாக அதை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த அலுவலகத்தில் அதிகாரி அப்பாவைக் கண்டதும் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அவரும் பின்சீட்டில் பார்வை வாரம் உட்கார்ந்தவர்தான். "மாஸ்டருக்கு டெஸ்ட் வைக்கிற அளவுக்கு நான் இன்னும் வளரலீங்க" என்று சொல்லி முத்திரை குத்திவிட்டார். அப்பா முகத்தில் ஒரு சிரிப்பு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இந்த ஊரில் யாரிடம் போனாலும் அவர் அப்பாவின் பழைய மாணவராகத்தான் இருக்கிறார். அப்பாவைத் தடுக்க வேண்டிய எல்லோருக்கும் அவரே ஓட்டக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

வெளியூரில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "அக்கா, அவரை உக்கார வெச்சா படுத்துருவாருக்கா. ஓட்டட்டும் விடு. எங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் அவரைப் பத்திச் சொல்லியிருக்கேன்."

"சொன்னதெல்லாம் போதும். ஒரு ரெண்டு மாசம் வந்து பக்கத்துல உக்காரு."

"என்னக்கா? சரியா கேக்கல... அப்புறம் பேசறேன்."

அவன் போனில் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் சிக்னல் கிடைக்காது.

கடைசியில் நானே கேட்டேன். சாப்பிட்டு முடித்து அவர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். "அப்பா, எனக்குக் கால் ஆபரேஷன் இருக்கு. கொஞ்ச நாள் பார்வை வாரத்தை நிறுத்தி வைக்கலாமா? கால் சரியானதும் வேணா நான் ஓட்டிக் காட்டறேன்" என்றேன்.

"நீயா? நீ ஓட்டறதைப் பாத்தா பசங்க தூங்கிடுவாங்க, பாப்பா." தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, "நீ போய் ஆபரேஷன் பண்ணிக்கோ. நான் தனியா ஓட்டிக்கறேன். எனக்கென்ன?" என்றார்.

எனக்கென்ன என்கிறார்! எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் காலை நீட்டிப் படுத்திருக்கும்போது இவர் மார்க்கெட் திருப்பத்தில் யார் வீட்டுப் பிள்ளையையாவது இடித்துத் தள்ளினால் அந்த உயிருக்கு யார் பதில் சொல்வது? டாக்டர் கொடுத்திருந்த தேதி அடுத்த திங்கட்கிழமை. அதை மூன்றாவது தடவையாக ரத்து செய்யப் போனை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து நகராட்சித் தலைவி வாசலில் வந்து நின்றார். போனைக் கீழே வைத்தேன்.

ஆற்றுக்குக் குறுக்கே புதிதாகக் கட்டிய பாலத்தை ஞாயிற்றுக்கிழமை திறக்கிறார்களாம். முதல் வண்டியாக மாஸ்டரின் வெள்ளைக் கார் போக வேண்டுமாம். "ஊர்ல இவ்வளவு வயசுல வண்டி ஓட்டறவர் வேற யாரு இருக்கா? நான் அவர் பக்கத்துல உக்காந்துக்கறேன். எனக்குக் கத்துக் குடுத்தவர் ஆச்சே. அந்தப் பக்கம் ஸ்கூல் பிள்ளைங்க ரெண்டு வரிசையா நிப்பாங்க" என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"பக்கத்துல நான்தாங்க உக்காருவேன்" என்றேன்.

"நீங்க பின்னாடி வாங்கம்மா. தினமும் நீங்கதானே உக்கார்றீங்க!" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். அப்பா அப்போதே எந்தச் சட்டையைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார்.

ஞாயிறு காலை பாலத்தின் முனையில் ஊரே கூடியிருந்தது. மைக் வைத்திருந்தார்கள், ரிப்பன் கட்டியிருந்தார்கள். நான் பின்சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்சீட்டில் காலுக்கு ஒன்றுமே இல்லை, வெறும் தரைவிரிப்பு. முன்னால் தலைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையசைத்தார். அவர் செருப்பு என் பிரேக்கின் மேல் இருந்தது. பாலத்தின் அந்தப் பக்கம் நீல உடுப்புப் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நின்றார்கள். நடுவில் கார் போக வழி விட்டிருந்தார்கள். அவர்களில் ஒன்று வரிசையை விட்டு வெளியே ஓடி வந்தால் போதும்.

அப்பா பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைச் சரி செய்தார். அதில் என் முகம் தெரிந்திருக்க வேண்டும். கையை அதிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு பக்கத்தில் தலைவியின் காலைப் பார்த்தார். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"பாப்பா, இறங்கு. நீ ஓட்டு."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. அதற்குள் யாரோ மைக்கை நீட்டிவிட்டார்கள். அப்பா மைக்கைக் கண்டால் விடுவாரா? "இவ்வளவு நாள் நான் ஓட்டினேன். இந்தப் பாலத்துல என் பொண்ணு ஓட்டட்டும். நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்" என்றார். அவ்வளவுதான், கைதட்டல் காதைப் பிளந்தது. எவ்வளவு பெரிய மனசு, எப்பேர்ப்பட்ட அப்பா என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கெஞ்சியபோது கேட்காததை, ஊரைக் கூட்டி வைத்துத் தானம் செய்கிறார். நன்றியும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முதலில் வந்தது.

தலைவி பின்சீட்டுக்குப் போனார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ரிப்பன் அறுந்தது. பத்தடி போயிருக்க மாட்டேன், வண்டி குலுங்கியது. மறுபடி கிளப்பினேன். மறுபடி குலுங்கியது. கீழே பார்த்தால் பாலிஷ் போட்ட ஷூ பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, காலை எடுங்க."

"பிள்ளைங்க நிக்குது பாரு."

"நான் பாத்துட்டேன்ப்பா. அது எங்கயோ இருக்கு."

"எங்கயோ இருந்தாலும் பாக்கணும்."

இன்னும் கொஞ்ச தூரம் போனோம். எதிரில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அதற்கும் மிதித்தார். பாலத்தின் நடுவில் இன்ஜின் நின்றேவிட்டது. இரண்டு பக்கமும் கூட்டம் அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியது. "வண்டில ஏதாவது பிரச்சனையா?" என்று பின்னாலிருந்து தலைவி கேட்டார்.

"வண்டில ஒண்ணும் இல்லம்மா" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இப்ப தெரியுதா, பக்கத்துல ஒருத்தர் பிரேக் போட்டா எப்படி இருக்கும்னு?" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"என் வண்டி நிக்கறது என் காலாலயா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? காய்கறிக்காரம்மா வந்த அன்னிக்கே தெரியும்."

"அப்போ ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வரும். "தெரிஞ்சுக்கிட்டேதான் ஒரு கீறல் இல்ல, கீறல் இல்லன்னு ஊரெல்லாம் பேசினீங்களா?" என்றேன்.

"கீறல் இல்லதானே?"

அடித்துவிடலாம் போலிருந்தது. பெற்ற அப்பா ஆயிற்றே என்று ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். இந்தத் தடவை தள்ளிப் போட மாட்டேன். நான் எந்திரிச்சு நடக்கற வரைக்கும் நீங்க வண்டியைத் தொடக் கூடாது. இப்ப சொல்லுங்க. சொன்னாதான் வண்டியைக் கிளப்புவேன்."

அவர் காலடியில் இருந்த பிரேக்கைப் பார்த்தார். பேசியபோது அது மைக் முன்னால் பேசிய குரல் இல்லை.

"அப்புறம் நான் காலைல எந்திரிச்சு என்ன பண்றது?"

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. ஏதாவது ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம், புத்தகம் படிங்க, தோட்டம் போடுங்க என்று. எல்லாம் வெறும் பேச்சு என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். "தெரியலப்பா" என்றேன்.

அவர் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தார். பிறகு இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கி, சீட்டின் மேல் மடக்கி வைத்து, முழங்கால்களைக் கையால் கட்டிக்கொண்டார். தொண்ணூற்றொரு வயதில் அவரால் அப்படி மடிய முடிகிறது. அதைப் பார்க்கும்போதும் எனக்கு எரிச்சல்தான்.

"ஓட்டு" என்றார்.

ஓட்டினேன். பிள்ளைகளின் வரிசை நெருங்கியபோது அவர் கட்டியிருந்த கைகள் இறுகின. கால் இறங்கவில்லை. மறுநாள் செய்தித்தாளில் அவர் அப்படிக் குந்தி உட்கார்ந்திருந்த படத்தைப் போட்டு, குழந்தை மனம் மாறாத மாஸ்டர் என்று எழுதியிருந்தார்கள். ஓட்டியது யார் என்று ஒரு வரி இல்லை.

ஆபரேஷன் நடந்தது. அப்பா தினமும் ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தார். லிஃப்ட் பக்கம் திரும்பாமல் மாடி ஏறி வருவார். நர்ஸ்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். உங்க ஆரோக்கியத்துக்கு என்ன காரணம் என்று ஒருத்தி கேட்டாள். "யாரையும் எதிர்பார்க்காம நம்ம வேலையை நாமே பாத்துக்கணும்மா" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

வண்டியைத் தொட்டாரா என்று மட்டும் தெரியவில்லை. கேட்டால், "நீ உன் காலைப் பாரு" என்பார். ஒருநாள் எங்கள் மெக்கானிக் என்னைப் பார்க்க வந்தான். பேச்சுவாக்கில், "மாஸ்டர் வெள்ளைக் காருக்கு ஒரு வேலை குடுத்தாருக்கா" என்று உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். என்ன வேலை என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. மாஸ்டர் சொல்லக் கூடாது என்றாராம். இவனும் அவருடைய மாணவன்தான். வண்டியைத் தயார் பண்ணுகிறார், வாக்கு என்று வாயால் சொல்லவில்லையே, காலைத்தானே மடக்கினார் என்று எனக்குள் எல்லாம் கொதித்தது.

டாக்டர் இனி வண்டியில் போகலாம் என்று சொன்ன மறுநாள் காலை, அப்பா வழக்கம்போல் கதவைத் தட்டினார். நானே குனிந்து லேஸ் கட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். "முடிச்சு இளகிடும்" என்றார். வெளியே வெள்ளைக் கார் பளபளவென்று நின்றது. பின்சீட்டில் புது மாணவர்கள் இரண்டு பேர் பார்வை வாரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பழக்கத்தில் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பழக்கத்தில் கால் பிரேக்கைத் தேடியது. இல்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டித் துழாவினேன். பிரேக் இருந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து ஆணி முடுக்கியிருந்தார்கள்.

இதற்குத்தானா அந்த வேலை? பக்கத்தில் யாரும் பிரேக் போடாமல் தனியாக ஓட்டத்தானா? பின்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதுகூட மறந்துபோய்க் கத்தினேன். "அப்பா! பிரேக் எங்க?"

அவர் என் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். கையில் சாவி.

"கழட்டச் சொல்லிட்டேன். அது இருந்தா என் கால் சும்மா இருக்காது, பாப்பா."

எனக்குப் புரிவதற்குள் சாவியை என் மடியில் போட்டார்.

"எந்திரி, அந்தப் பக்கம் போ. இது என் சீட்டு."